ஒலியில் தொடங்குவதா, படத்தில் தொடங்குவதா? மாணவர் குறும்படத்துக்கு நான்கு வழிகள்

மூன்று முதல் ஐந்து நிமிடப் படம். வசனம் குறைவாக, அல்லது இல்லாமலே. ஒரு மனநிலையைக் காட்சியாலும் ஒலியாலும் மட்டும் உணர்த்த வேண்டும். சினிமா படிக்கும் மாணவர்களுக்கு இப்படி ஒரு பயிற்சி எப்படியும் வந்துவிடும். குழு கூடியதும் பேச்சு பெரும்பாலும் எந்தக் கேமரா, எந்த லென்ஸ், யாரிடம் இரவல் வாங்கலாம் என்றே போகிறது. அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: எதை முதலில் செய்யப்போகிறீர்கள்? படத்தை எடுத்துவிட்டு ஒலியைப் பிறகு சேர்க்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில், நடக்கும்போதே பதியலாம். அசையாத புகைப்படங்களை அடுக்கி, ஒலியை மட்டும் ஓடவிடலாம். அல்லது ஒலியை முழுதாகக் கட்டி முடித்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே படம் எடுக்கலாம். கேமராவை விட இந்த வரிசைதான் படத்தின் குணத்தை அதிகம் தீர்மானிக்கிறது.

என் பரிந்துரையை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேறு வழிக்குத் தெளிவான காரணம் இல்லாவிட்டால் ஒலியில் தொடங்குங்கள். ஏன் என்பதைக் காட்ட, ஒரே கதையை நான்கு வழியிலும் ஓட்டிப் பார்க்கலாம்.

கதை இது. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு, இரவு. ஒருத்தி யாருக்காகவோ காத்திருக்கிறாள். லிஃப்ட் மேலே ஏறி வருகிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகிறது. அவ்வளவுதான்.

முதலில், எல்லோரும் இயல்பாகப் போகும் வழி: படத்தை எடுத்துவிட்டு ஒலியைப் பிறகு பார்த்துக்கொள்வது. இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. மைக்கைப் பற்றிய கவலையே இல்லாமல் கேமராவை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடிகைக்கு 'மெதுவாகத் திரும்பு' என்று குரல் கொடுக்கலாம். ஒளியைச் செதுக்க நேரம் கிடைக்கும். காட்சியின் மனநிலை என்பது இந்தக் கதையில் இருட்டுதான் என்றால், இருட்டைப் படமாக்குவது தனியாகக் கற்க வேண்டிய வேலை. வெளிச்சம் இல்லாத அறையில் கேமராவை வைத்தால் இருட்டு வராது, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஒரு சின்ன இடத்தை, முகத்தின் ஒரு பக்கத்தையோ கதவின் விளிம்பையோ, நன்றாக ஒளியூட்டிவிட்டு மற்றதைக் கறுப்பில் விட்டால்தான் கண் அதை இரவு என்று ஏற்றுக்கொள்ளும். ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கேமரா அந்தக் கறுப்பை எல்லாம் சாம்பலாக உயர்த்திவிடும்.

எந்த ஒளியைக் கேமரா வெள்ளையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அமைப்புக்கும், அதாவது வெள்ளைச் சமநிலைக்கும், இதே கதைதான். மெழுகுவர்த்தியின் ஒளி சுமார் 1900 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு). படப்பிடிப்பு டங்ஸ்டன் விளக்கு 3200, பகல் வெளிச்சம் 5600 என்று கணக்கு. கேமராவை 5600-இல் பூட்டினால் மெழுகுவர்த்தி ஆழ்ந்த ஆரஞ்சாக எரியும். 3200-இல் பூட்டினால் அது சற்று அடங்கி, ஜன்னல் வழியே வரும் பகலொளி போன்ற வெளிச்சம் நீலமாகும். இரண்டும் இரண்டு மனநிலைகள். ஆட்டோவில் விட்டால் கேமரா இரண்டையும் அழித்து நடுநிலையாக்கப் பார்க்கும், ஷாட்டுக்கு ஷாட் நிறம் வேறு மாறும். இந்த அளவுக்குக் காட்சியில் மூழ்கி வேலை செய்யப் படத்தை முதலில் எடுக்கும் வழி இடம் தருகிறது.

சிக்கல் பிறகு வருகிறது. எடிட்டிங் முடியும்போது கையில் நாள் இருக்காது. ஒலிக்குக் கடைசி இரவுதான் மிஞ்சும். அந்த இரவில் என்ன நடக்கும்? கதவு தெரிகிறதா, கதவுச் சத்தம் போடு. நடக்கிறாளா, காலடிச் சத்தம் போடு. ஆயத்த ஒலித் தொகுப்பிலிருந்து இறக்கிய சத்தங்கள், ஏற்கெனவே கண் பார்த்துவிட்டதை இன்னொரு முறை சொல்லும். படம் ஊமையாக ஓடினாலும் பார்ப்பவருக்கு எந்த இழப்பும் இருக்காது. ஒலிவழிக் கதைசொல்லல் என்ற பயிற்சியில் இதை விடப் பெரிய குறை கிடையாது.

ஒலியைப் பிறகு சேர்ப்பது மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஃபோலி என்ற கலையே அதுதான். 1920களின் இறுதியில் யுனிவர்சல் ஸ்டுடியோவில் திரையைப் பார்த்தபடி காலடியையும் துணி உரசலையும் நிகழ்த்திப் பதிந்த ஜாக் ஃபோலியின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. முழுநீளப் படங்களில் கேட்கும் காலடிகளில் பெரும்பகுதி இப்படிப் பிறகு உருவானவை. ஆனால் அங்கே அதற்கென்று ஆட்களும் வாரங்களும் ஒதுக்கப்பட்டிருக்கும். மாணவர் குழுவில் இரண்டும் கிடையாது. இந்த வழியில்தான் போவீர்கள் என்றால், மொத்த நாட்களில் பாதியை ஒலிக்கென்று இன்றே பிரித்துத் தேதி போட்டு எழுதிவிடுங்கள். அதற்குக் குழு சம்மதிக்காவிட்டால் இந்த வழி வேண்டாம்.

இதன் கிளை ஒன்று உண்டு. அழகான ஷாட்களை அடுக்கி மேலே ஒரு பாட்டைப் போட்டுவிடுவது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மனநிலை முழுக்க இசையமைப்பாளருடையது, உங்கள் படம் அதன் மேல் சவாரி செய்கிறது. பாட்டின் உரிமை உங்களிடம் இல்லை என்பதால் திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும்போதும் சிக்கல் வரும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையிலும் நிபந்தனைகள் உண்டு. பெயர் குறிப்பிட வேண்டும் என்பது பொதுவான ஒன்று. 'மாற்றியமைக்கக் கூடாது' என்ற உரிமம் கொண்ட இசையைப் படக்காட்சியோடு இணைத்து ஓடவிடுவதையே அந்த உரிமம் மாற்றமாகக் கருதுகிறது. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

அடுத்தது நேரடி ஒலிப்பதிவு, படமும் ஒலியும் ஒன்றாக. இரண்டு பேர் பேசும் கதை என்றால், அவர்களுக்கு நடுவில் நடப்பதுதான் படம் என்றால், யோசிக்கவே வேண்டாம், இதுதான் வழி. மூச்சு தடுமாறுவதும், சொல்ல வந்ததை விழுங்குவதும் டப்பிங்கில் திரும்பக் கிடைப்பது கடினம். தேர்ந்த நடிகர்களே அதற்குத் திணறுவார்கள்.

விலையும் அதற்கேற்ப இருக்கும். மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோயே ஆக வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபெல் குறையும். அறைக்குள்ளும் நேராக வரும் குரல் அப்படியே குறைகிறது, அறையின் எதிரொலி மட்டும் ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. அதனால்தான் தூரத்து மைக்கில் பதிந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த மைக்காலும் இதை மாற்ற முடியாது. இப்போது கிடைக்கும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் ஒலி அளவைத் தவறாக வைத்தாலும் காப்பாற்றும். மைக்கைத் தவறான இடத்தில் வைத்ததை அவற்றாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே பூம், அதாவது மைக்கைத் தாங்கும் நீளக் கோல், பிடிக்க ஒருவர் வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. கேமராவும் பூமின் நிழலைத் தவிர்த்துத்தான் நிற்க வேண்டும். காட்சியில் பாதிச் சுதந்திரம் இங்கேயே போய்விடுகிறது.

நம் கதையை இந்த வழியில் எடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். அந்த வீட்டில் மிக முக்கியமான சத்தம் ஃபிரிட்ஜ் சத்தம். கரண்ட் போனதும் அது நிற்பதுதான் காது உணரும் முதல் மாற்றம். ஆனால் நேரடிப் பதிவில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுத்தான் ஷாட் எடுப்பார்கள். ஓடவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் அதன் இரைச்சல் துண்டு துண்டாக மாறும். (அணைத்த ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காமலிருக்க, வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடும் பழக்கம் ஒலிப்பதிவாளர்களிடம் உண்டு. சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதே.) ஆக, நேரடி வழியிலும் கதைக்கு வேண்டிய சத்தத்தைத் தனியாகப் பதிந்து பிறகுதான் சேர்க்கப்போகிறீர்கள். அறையில் எல்லோரும் அசையாமல் நிற்க, முப்பது விநாடியிலிருந்து ஒரு நிமிடம்வரை ரூம் டோன், அதாவது அறையின் வெறும் பின்னணிச் சத்தம், பதிவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெட்டும் இடங்களை ஒட்டவைக்கும் பசை அது. வசனமே இல்லாத படத்துக்கு இவ்வளவு பாடு தேவையா என்றால், தேவையில்லை என்பதே என் பதில்.

மூன்றாவது வழி, புகைப்படங்களும் ஒலியும். தனியாகச் செய்பவர்களுக்கும், நல்ல வீடியோ கேமரா கிடைக்காதவர்களுக்கும் இது தேற்றலுக்காகச் சொல்லும் வழி என்று நினைக்க வேண்டாம். 1962-இல் வெளிவந்த, சுமார் 28 நிமிடம் ஓடும் 'லா ஜெத்தே' என்ற பிரெஞ்சுப் படம் கிட்டத்தட்ட முழுவதும் அசையாத புகைப்படங்களால் ஆனது. ஒரே ஒரு இடத்தில் சில விநாடிகள் மட்டும் காட்சி அசைகிறது. அந்த அசைவு அவர்களுடையது, அதை நீங்கள் திரும்பச் செய்ய வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: படம் அசையாதபோது நேரம் என்பதே ஒலியின் கையில் போய்விடுகிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரே புகைப்படம். மேலே மின்விசிறிச் சத்தம் ஓடினால் நேரம் ஓடுகிறது. கரண்ட் போய் விசிறியும் நின்றால், நேரமே நின்றுவிட்டதோ என்று பார்ப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். அசையும் படத்தில் இந்த விளைவு கிடைக்காது, ஏனென்றால் அங்கே அவள் கண் இமைத்துக்கொண்டிருப்பாள்.

இருட்டையும் இது எளிதாக்குகிறது. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஷட்டரைப் பெரும்பாலும் விநாடியின் 48-இல் ஒரு பங்குக்கோ 50-இல் ஒரு பங்குக்கோ வைப்பீர்கள். புகைப்படத்தில் டிரைபாடில் வைத்து ஒரு விநாடி முழுக்கத் திறந்து வைக்கலாம். சுமார் ஐம்பது மடங்கு ஒளி. மெழுகுவர்த்தி ஒன்றே போதும். பலவீனம் ஒன்றுதான்: நான்கைந்து நிமிடத்துக்குப் புகைப்படங்கள் நிறைய வேண்டும், ஒவ்வொன்றும் தனியாக நிற்கும் தரத்தில் வேண்டும். பலர் பாதியில் சலித்துப்போய், எல்லாப் படத்தின் மேலும் மெதுவாக ஜூம் போட ஆரம்பித்துவிடுவார்கள். அது தொடங்கிய இடத்தில் படம் ஸ்லைடு ஷோவாகிவிடும்.

சரி, இப்போது ஒலியில் தொடங்கும் வழி. எனக்குப் பிடித்தது இது என்பதால் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன்.

ஒலியை மட்டும் வைத்துப் படம் செய்வது புதிய யோசனை இல்லை. வால்ட்டர் ருட்மன் என்ற ஜெர்மானிய இயக்குநர் 1930-இல் படமே இல்லாத படம் ஒன்றைச் செய்தார். ஒரு வார இறுதியின் சத்தங்களை ஃபிலிமின் ஒலித்தடத்தில் பதிந்து, காட்சியை வெட்டி ஒட்டுவது போலவே வெட்டி ஒட்டினார். சுமார் 11 நிமிடம். கேட்டால் இடங்களும் ஆட்களும் கண்முன் வருவார்கள். அதற்கும் இரண்டு ஆண்டு முன்பு, 1928-இல், சோவியத் இயக்குநர்கள் ஐசன்ஸ்டீன், புதோவ்கின், அலெக்சாந்த்ரோவ் மூவரும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒலி படத்தோடு அப்படியே ஒட்டிப் போகக் கூடாது, அதற்கு எதிர்நிலையில் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். பேசும் படம் வந்த புதிதில் எழுதியது. மாணவர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் பொருந்தி வருகிறது.

செய்முறை இப்படி. கதையைக் காட்சிகளாக எழுதாமல் சத்தங்களாக எழுதுங்கள். நம் கதையில் முதலில் ஃபிரிட்ஜ், விசிறி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சுவர் வழியே மங்கலாக. லிஃப்ட் கீழே எங்கோ கிளம்புகிறது. ஏறி வருகிறது. அப்போது கரண்ட் போகிறது. ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கலோடு நிற்கிறது, தொலைக்காட்சி சட்டென்று, விசிறி மெல்ல மெல்ல. லிஃப்டும் நடுவில் நிற்கிறது. இங்கேதான் கதை பிறக்கிறது: லிஃப்டுக்குள் யார்? காத்திருந்தவர் அதற்குள்ளா? யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம். அவள் எழுந்திருக்கிறாளா, இல்லையா? பாருங்கள், இருட்டையும் முகத்தையும் யோசித்தபோது இந்தக் கேள்வி வரவே இல்லை. காதால் யோசித்தபோதுதான் வந்தது.

பிறகு இவற்றைப் பதியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தால் வீடியோவோடு சேர்க்கும்போது தொல்லை இருக்காது. ஒவ்வொரு சத்தத்தையும் அருகிலிருந்து ஒன்று, தூரத்திலிருந்து ஒன்று என்று இரண்டாகப் பதிவது நல்லது. மைக்கின் தூரம்தான் இங்கே உங்கள் லென்ஸ். லிஃப்டை அதன் கதவோரம் நின்று பதிந்ததும், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்ததும் இரண்டு வேறு ஷாட்கள். கணினியில் எதிரொலி சேர்த்து இதை ஓரளவு போலச் செய்யலாம், ஆனால் உண்மையான கதவு வழியே வந்த சத்தத்தின் மங்கல் அதில் எளிதில் வராது.

ஒரு தொழில்நுட்பக் கண்ணி உண்டு, இதைக் கட்டாயம் கவனியுங்கள். பல ஃபிரிட்ஜ்களின் அடித்தொனி மின்சாரத்தின் அலைவெண்ணைச் சார்ந்தது, அதாவது 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அவற்றின் மடங்குகளும். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காக ஒலிக்க முடியாது. ஹெட்போனில் அற்புதமாகக் கேட்ட உங்கள் ஃபிரிட்ஜ், கைபேசியில் பார்ப்பவருக்கு இருக்கவே இருக்காது. இல்லாத சத்தம் நின்றால் யாருக்குத் தெரியும்? படத்தின் மையமே காணாமல் போய்விடும். அதனால் ஃபிரிட்ஜின் பின்புறம் அதிரும் தகடு, மேலே வைத்த பாத்திரம் கிணுகிணுப்பது போன்ற மேல்சுருதிச் சத்தங்களையும் சேர்த்துப் பதியுங்கள். ஹெட்போன், மடிக்கணினி, கைபேசி மூன்றிலும் கேட்டுவிட்டுத்தான் கலவையை முடிக்க வேண்டும்.

ஒலித்தடம் ஓரளவு உருவானதும் எடிட்டிங் மென்பொருளில் வெறும் கறுப்புத் திரையோடு அதை வீடியோவாக்கி, கதை தெரியாத இரண்டு மூன்று பேருக்கு விளக்கை அணைத்துப் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே குரலில் சொல்வதை, 'கரண்ட் போச்சு', 'லிஃப்ட் நின்னுடுச்சு' என்பதை எல்லாம், படமாக எடுக்க வேண்டியதில்லை. காது அதை முடித்துவிட்டது. லிஃப்டைக் காட்டும் ஷாட்டும், அணையும் விளக்கைக் காட்டும் ஷாட்டும் திட்டத்திலிருந்து போய்விடும். அவர்களால் சொல்ல முடியாததை எடுங்கள்: அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள், கையில் என்ன இருக்கிறது, கதவுத் தாழ்ப்பாள் மேலே போட்டிருக்கிறதா கீழேயா. லிஃப்டிலிருந்து தட்டும் சத்தம் கேட்கும்போது அவள் தாழ்ப்பாளைப் போடுகிறாள் என்று ஒரே ஒரு ஷாட் வைத்தால், காத்திருப்பு முழுக்க வேறு பொருள் கொண்டுவிடும். அவள் அன்பாகக் காத்திருக்கவில்லை. அவள் பயந்துகொண்டிருந்தாள். ஒலி ஒன்றைச் சொல்ல, படம் இன்னொன்றைச் சொல்லி, பார்ப்பவர் மூன்றாவதைத் தானே கண்டுபிடிக்கிறார்.

படப்பிடிப்பும் சுருங்கிவிடும். எந்த ஷாட் எத்தனை விநாடி என்பது ஏற்கெனவே தெரியும். நடிகைக்கு அந்த ஒலியையே ஓடவிட்டு நடிக்கச் சொல்லலாம். எதைக் கேட்டு எப்போது திரும்ப வேண்டும் என்று எண்ணிக்கை சொல்லத் தேவையிருக்காது, அவள் உண்மையாகவே கேட்டுத் திரும்புவாள். படப்பிடிப்பில் ஒலி பதியாததால், முதல் வழியில் பேசிய ஒளிச் சுதந்திரமும் முழுதாகத் திரும்பக் கிடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஒலியைப் பிடித்துக்கொண்டு படம் விறைத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. நடிகை எதிர்பாராமல் ஏதோ அருமையாகச் செய்துவிட்டாலும், ஒலித்தடம் அப்படி இருக்கிறதே என்று அதை வெட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள், ஒலியை நீட்டுங்கள். எடிட்டிங்கின்போது ஒலித்தடத்தைத் திரும்பத் திறக்க இரண்டு நாளாவது ஒதுக்கி வைத்தால் இது சமாளிக்கக் கூடியதுதான். இன்னொரு குறை, குழுவுக்கு இது ஆரம்பத்தில் சலிப்பூட்டும். கேமராவைத் தொடவே ஒரு வாரம் ஆகும். ஒளிப்பதிவாளராக ஆசைப்படுபவர் பொறுமையிழப்பார். அவரிடம் ரெக்கார்டரைக் கொடுத்து லிஃப்ட் சத்தம் பதிய அனுப்புங்கள். தூரம், கோணம், அருகாமை என்று அவர் யோசிப்பதெல்லாம் அங்கேயும் வேலைக்கு வரும்.

அப்போ, எந்தக் குழுவுக்கு எது? படத்தின் உயிர் இரண்டு பேரின் பேச்சில் இருந்தால் நேரடிப் பதிவு, பூமுக்கு ஓர் ஆள் உறுதியாக இருந்தால் மட்டும். இயற்கைக் காட்சி, நடனம், கைவேலை செய்யும் ஒருவர் என்று அசைவே பொருளாக இருந்தால் படத்தை முதலில் எடுங்கள். அங்கே ஒலியை முன்கூட்டிக் கட்டினால் அசைவின் தாளத்தை நீங்களே நெரித்துவிடுவீர்கள். தனி ஆள், குறைந்த நாட்கள், கையில் ஒரு கைபேசி மட்டும் என்றால் புகைப்படங்கள். அதையும் ஒலியை முதலில் கட்டிவிட்டுச் செய்தால் எத்தனை புகைப்படம் வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிடும், பாதியில் ஜூம் போடும் நிலை வராது.

மற்ற எல்லாருக்கும், அதாவது இந்தப் பயிற்சி கிடைத்த பெரும்பாலான குழுக்களுக்கு, ஒலியில் தொடங்குவதே பொருந்தும். முதல் வாரம் சத்தங்களை எழுதிப் பதியுங்கள். அதன் முடிவில் கறுப்புத் திரைச் சோதனை. அதில் கேட்பவர்கள் ஒன்றுமே பார்க்கவில்லை என்றால் கதையை மாற்றுங்கள், இன்னும் ஒரு ஷாட்கூட எடுக்காததால் இழப்பு எதுவும் இல்லை. சோதனை தேறினால், கேமராவை இரவல் கேட்க வேண்டிய தேதியை அன்றைக்கு முடிவு செய்துகொள்ளலாம்.